வீட்டில் முறுக்கிய கயிற்றுக்காக ஒரு மறுப்பு

கல்முனையிலும் சம்மாந்துறையிலும் நிந்தவூரிலும் கால்நடை வைத்திருப்போர் கூடிப் பேசும் இடங்களிலெல்லாம், இன்று ஏறக்குறைய ஏகமனதாக ஒப்புக்கொள்ளப்பட்டுவிட்ட ஓர் அபிப்பிராயம் உண்டு. மிருகம் என்பது நோவுக்கே பணியும். ஆதலால் நோகச் செய்யவல்ல கருவியே பழக்கும் கருவி. வீட்டில் முறுக்கிய தலைக்கயிறும், நுனியில் துணி கட்டிய கம்பும், நாய் படுக்க விரித்த சாக்கும், கடைச்சாமான் வாங்க வசதியற்றவன் செய்துகொள்ளும் ஒப்பேற்றல்களே என்பது அந்த அபிப்பிராயம். நாம்பன் மாட்டுக்கு மூக்கைக் குத்து, நாய்க்கு உள்முள் வைத்த சங்கிலிப் பட்டி வாங்கு, கையில் ஒரு தடியை வைத்துக்கொள் என்று உபதேசிக்கும் இவர்கள் கொடியவர்கள் அல்லர். தம் பிள்ளைகளிடத்தும் அயலாரிடத்தும் இரக்கமுள்ள மனிதரே. எனினும் அவர்கள் சொல்வது பிழை. அந்தப் பிழையினால் வாயில்லா ஜீவன்கள் வீணாக வதைபடுவதோடு, அவர்கள் விரும்பும் பணிவும் கைகூடாமற் போகிறது என்பதை இயன்ற அளவு நிதானமாக எடுத்துரைக்க விரும்புகிறேன்.

இவ்வபிப்பிராயம் நம் முன்னோரிடமிருந்து வந்ததென்று பலர் நம்புகின்றனர். எருமைகளைக் கொண்டு சூடு மிதித்த காலத்தைக் கண்டவர்கள் அப்படிச் சொல்லமாட்டார்கள். வயற்சொந்தக்காரரான போடியாரின் களவெட்டியில், நிலாக்காலத்து இரவுகளில், பிணையலாகக் கட்டப்பட்ட கடாக்கள் பொலியைச் சுற்றிச் சுற்றி நடக்க, அவற்றின் பின்னே மீசை அரும்பாத ஒரு பையன் குரல் கொடுத்துக்கொண்டே போவான். அவன் கையிலிருந்த பிரம்பு பெரும்பாலும் அவன் தோளிலேயே கிடக்கும். அந்தக் கடாக்களைப் பழக்கிய பட்டிக்காரர்களின் அறிவு ஏட்டில் எழுதப்படவில்லை. 1949 இல் தொடங்கிய கல்லோயாத் திட்டத்தின் பின் வயல்கள் பெருகி, அவற்றோடு உழவு இயந்திரங்களும் பெருகி, எருமை களவெட்டியை விட்டு நீங்கியபோது, அவ்வறிவும் அதை உடையவர்களோடு மெல்ல மெல்ல மறைந்தது.

இன்றைய நகரவாசிக்கு மாட்டோடு நேரும் பரிசயம் பெரும்பாலும் ஆண்டுக்கு ஒருமுறை, ஹஜ்ஜுப் பெருநாளை ஒட்டித்தான். ஒருநாளும் கழுத்திற் கயிறு ஏறாத ஒரு மாடு, தன் பட்டியைப் பிரிந்து, லொறியில் நின்று, இறங்கியதும் தார் ரோட்டையும் மோட்டார் சைக்கிள்களையும் ஆரவாரிக்கும் சிறுவர் கூட்டத்தையும் ஒருங்கே காண்கிறது. அது மிரளாமல் வேறென்ன செய்யும்? நாலு பேர் முன்னே இழுக்க, இருவர் வாலை முறுக்க, அது காலை ஊன்றி நிற்கிறது. இதைப் பார்த்தவர், மாடென்றால் இப்படித்தான் போலும் என்று முடிவு கட்டிவிடுகிறார். பழக்கப்படாத ஜந்துவின் பயத்தைக் கண்டு அதையே அதன் சுபாவம் என்று கொள்வது, அந்நிய நாட்டில் பாஷை தெரியாமல் திகைத்து நிற்பவனை மூடன் என்று தீர்மானிப்பதற்கு ஒப்பாகும். குர்பானுக்கு வரும் பிராணியை ஒரு கிழமை முன்னதாகவே கொண்டுவந்து, மெத்தென்ற தலைக்கயிற்றில் கட்டி, தினமும் காலையும் மாலையும் ஒருவர் கையாலேயே தண்ணீர் காட்டி நடத்தியிருந்தால், தெருவிலே நடக்கும் அந்தக் கோரக் காட்சி அநேகமாக நேர்ந்தே இராது.

நோவு போதிக்கும் என்ற சித்தாந்தத்தின் ஆணிவேர், கயிறு செய்யும் வேலையைப் பிழையாக விளங்கிக்கொண்டதிலேயே இருக்கிறது. இழுத்தால் மிருகம் வரும் என்று எண்ணுகிறோம். ஆனால் மாடும் குதிரையும் நாயும், கழுத்திலோ தலையிலோ ஓர் இழுப்பை உணர்ந்தால், அதற்கு எதிராகவே தம் பாரத்தைச் சாய்க்கும். இது அவற்றின் தேகத்தில் ஊறிய இயற்கை. இழுப்பவன் பலமாக இழுக்கும்தோறும் எதிரிழுப்பும் பலக்கும். இளம் நாம்பனோடு இந்தப் போட்டியில் மனிதன் வெல்வதேயில்லை. ஆகவே கயிற்றின் இறுக்கம் பாதி வேலையைத்தான் செய்கிறது. மற்றப் பாதியை, மிருகத்தின் அறிவிலே பதியும் பாதியை, கயிறு நெகிழும் கணமே செய்கிறது. எந்தச் செயலைச் செய்தபோது இறுக்கம் அகன்றதோ அந்தச் செயலையே மிருகம் மறுமுறை நாடும். பட்டிக்காரரும் நல்ல குதிரைக்காரரும் கைக்கொண்ட இரகசியம் இவ்வளவே. நெகிழ்வு தாமதித்தால் பாடம் கெடும். ஒரு விநாடி பிந்தினாலும், அந்த விநாடியில் மிருகம் வேறெதைச் செய்ததோ அதுவே சரியென்று அது கொண்டுவிடும்.

இதைக் கண்கூடாகப் பார்த்தவன் நான். சாய்ந்தமருதுக்கு மேற்கே கரைவாகு வட்டையில், முதிர்ந்த பட்டிக்காரர் ஒருவர் இளம் நாம்பன் ஒன்றுக்கு முதற் கயிறு இட்டார். இரண்டு பாக நீளமுள்ள, சுண்டுவிரல் தடிப்பான பருத்திக் கயிறு. அதில் ஒரு வளையம் காதுகளின் பின்னாலே பிடரியைச் சுற்றியது, மற்றொன்று மூக்கைச் சுற்றியது. மூக்கு வளையம் நாசித் துவாரத்தை அடுத்த மெல்லிய பாகத்தில் விழாமல், கண்ணுக்குக் கீழே எலும்பு உறுதியாக உள்ள இடத்தில் அமரும்படி அவர் பார்த்துக்கொண்டார். பிறகு இரண்டு விரலை உள்ளே விட்டுப் பார்த்தார். நாம்பன் பின்வாங்கிச் சாய்ந்தது. அவர் இழுக்கவில்லை, விட்டும் கொடுக்கவில்லை, கயிற்றை இருந்தபடியே பிடித்துக்கொண்டு, தாமும் ஒரு பக்கமாகச் சற்றே நகர்ந்து, நாம்பனின் தலை கோணும்படி நின்றார். எதிரே நின்று இழுத்தால் நாலு காலையும் ஊன்றிக்கொள்ளும் மிருகம், தலை பக்கவாட்டில் திரும்பினால் நிலைகுலையாமலிருக்க ஒரு காலை எடுத்து வைத்தே தீரும். அந்த முன்னங்கால் மண்ணை விட்டுக் கிளம்பியதும் கயிறு தொய்ந்தது. கால் மீண்டும் மண்ணைத் தொடுவதற்கும் அவர் காத்திருக்கவில்லை. நாம்பன் மூச்சு விட்டது, நாவால் மூக்கை நக்கியது. சற்று நேரம் சென்று மறுபடி. அன்று அவ்வளவுதான். “இண்டைக்கு ஒரு காலத் தந்திட்டான். நாளைக்கு மத்தக் காலையும் தருவான்” என்று சொல்லிவிட்டுக் கயிற்றைக் கழற்றினார்.

இதே வேலையைக் குத்திய மூக்கில் புதுக்கயிறு கொண்டு செய்வதாக எண்ணிப் பாருங்கள். புண் ஆறாத மூக்கிலே கயிறு தொய்ந்திருக்கும்போதும் நோவு இருக்கிறது, இறுகியிருக்கும்போதும் நோவு இருக்கிறது. இறுக்கத்துக்கும் நெகிழ்வுக்கும் பேதம் தெரியாத இடத்தில் பாடம் எப்படி நடக்கும்? முள் வைத்த கழுத்துப்பட்டிக்கும் இதுவே பொருந்தும். நோவு மிகும்போது மிருகத்தின் புத்தி முழுவதும் நோவை நோக்கியே திரும்பிவிடுகிறது. எதற்காக அது வந்தது, எதனால் நீங்கியது என்று கவனிக்க அதற்கு அவகாசமில்லை. அது நிற்பதைப் பணிவென்று நாம் கொள்கிறோம். திகைத்துப்போய்த்தான் அது நிற்கிறது.

அடுத்து, துணி கட்டிய கம்பைப் பற்றி இவர்கள் சொல்லும் ஏளனத்துக்கு வருவோம். அடிக்காத கம்பு எதற்கு என்று கேட்கிறார்கள். மாட்டுக்கும் குதிரைக்கும் கண்கள் தலையின் இருமருங்கும் இருப்பதால், ஏறக்குறையச் சுற்றிலும் பார்க்கும் வல்லமை அவற்றுக்கு உண்டு. நேர் பின்புறமும் நெற்றியின் முன்னே சிறிது இடமுமே அவற்றுக்குத் தெரியாத இடங்கள். அவற்றின் தோள்மட்டத்துக்குப் பின்னே ஒருவன் அடியெடுத்து வைத்தால் முன்னே நடக்கும். தோளைக் கடந்து முன்னே வந்தால் நிற்கும் அல்லது பின்வாங்கும். கை எட்டும் தூரமே வசமுள்ள மனிதன், ஓர் உதையின் எல்லைக்கு வெளியே நின்றுகொண்டு, வேண்டியபோது தோளின் முன்னும் வேண்டியபோது பின்னும் தோன்றவேண்டுமானால், அவனுடைய கைக்கு நீட்சி வேண்டும். ஒரு மூங்கிற் கம்பும் அதன் நுனியில் ஒரு முழம் பழஞ்சாரத் துண்டும் அந்த நீட்சியைத் தருகின்றன. முதலில் அதே துணியால் கழுத்தையும் முதுகையும் தடவிக் கொடுத்து, அது தீங்கு செய்யாத பொருள் என்று மிருகத்துக்குக் காட்டிவிட்டால், பிறகு கம்பு அசைவதே போதுமானது. நெடுந்தீவில் திரியும் கட்டாக் குதிரைகளின் குட்டி ஒன்றைக் கையாளவேண்டி வந்தாலும் இம்முறை மாறாது. குதிரை மாட்டைவிடக் கூச்சம் மிகுந்தது என்பதால் தடியடியின் தீங்கு அங்கே அதிகம், அவ்வளவே வேறுபாடு.

வீட்டில் செய்வதால் மட்டம் என்று சொல்வோர், எதனால் செய்கிறோம் என்று நின்று பார்த்ததில்லை. தும்புக்கயிறு கட்டிவைக்க நல்லது. இளந்தோலிலே உராய்ந்தால் மயிரை உதிர்த்துப் புண்ணாக்கும். கடையில் வாங்கும் நைலோன் கயிறு, மிருகம் ஓடும்போது, பிடித்தவனின் உள்ளங்கையைச் சுட்டுவிடும். மருதமுனைக் கைத்தறிகளில் மிச்சமாகும் பாவுநூலை மூன்று புரியாக முறுக்கிப் பாருங்கள்: உறுதியும் மென்மையும் ஒருங்கே அமைந்த ஒரு கயிறு கிடைக்கும். கரைவலை இழுத்து இழுத்து வழுவழுப்பேறிய பழங்கயிற்றின் துண்டு நீளக்கயிற்றுக்கு ஏற்றது. நல்ல தண்ணீரில் ஊறவைத்து உப்பை நீக்கிவிட்டால் போதும். முடிச்சைக் கடற்றொழிலாளியிடம் கேளுங்கள். இழுக்க இழுக்க இறுகும் சுருக்கு எது, எவ்வளவு இழுத்தாலும் இறுகாமலும் வேண்டும்போது அவிழ்ந்தும் கொடுக்கும் முடிச்சு எது என்பது அவருக்குத் தெரியும். கழுத்திலே சுருக்கு ஒருபோதும் ஆகாது. நாம்பனின் முகம் மாதத்துக்கு மாதம் வளர்கிறது. வீட்டுக்கயிற்றை அதற்கேற்பத் தளர்த்தி முடியலாம், கடைப்பட்டியில் முன்பே இட்ட துளைகளே கதி.

கழுத்திலே இடும் மெல்லிய நாணைப் பற்றி நம் மார்க்கத்திலேயே பேச்சு உண்டென்பதைப் பலர் அறியார். பயணத்தில் ஒட்டகங்களின் கழுத்திலிருந்த வில்நாண் மாலைகளை அறுத்துவிடும்படி நபிகள் நாயகம் ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் ஆளனுப்பிக் கட்டளையிட்டதாக ஸஹீஹுல் புகாரியிலும் ஸஹீஹ் முஸ்லிமிலும் வருகிறது. கண்ணேறு படாதிருக்க அவற்றைக் கட்டிய வழக்கத்தை ஒழிக்கவே அக்கட்டளை என்பது இமாம் மாலிக் அவர்களின் விளக்கம். இமாம் அபூஹனீபாவின் மாணவரான முஹம்மத் இப்னுல் ஹஸன் அவர்களோ, வேகமாக ஓடும்போது நாண் கழுத்தை நெரித்துவிடும் என்ற காரணத்தைச் சொன்னார்கள். முரண்டு பண்ணிய ஒட்டகம் ஒன்றில் ஏறி அதை முன்னும் பின்னும் கடுமையாக இழுத்துத் திருப்பிய ஆயிஷா நாயகி ரழியல்லாஹு அன்ஹா அவர்களை நோக்கி, மென்மையைக் கைக்கொள்ளும்படி நபிகளார் சொன்னதும், மிருகத்தை முகத்தில் அடிப்பதையும் முகத்தில் சூடிடுவதையும் தடுத்ததும் ஸஹீஹ் முஸ்லிமில் உள்ளவை. பழகாத வாகனமும், அவசரப்பட்ட கையும், அதற்குச் சொல்லப்பட்ட புத்திமதியும் இவ்வளவு தெளிவாக நம் முன்னே இருக்கும்போது, தடியை மார்க்கத்தின் பேரால் ஒருவர் நியாயப்படுத்த வழியேயில்லை.

நாயின் விஷயத்தில் நம்மூர்களில் எழும் ஆட்சேபம் வேறு வகையானது. நாம் ஷாபிஈ மத்ஹபைப் பின்பற்றுவோர்; நாய் நமக்கு நஜீஸ், அதாவது அசுத்தம்; அதைப் பழக்குவதைப் பற்றி முஸ்லிம் ஏன் பேசவேண்டும் என்கிறார்கள். சட்டத்தை நான் மறுக்கவில்லை. ஈரம் பட்டால் ஏழு முறை, அதில் ஒருமுறை மண் கலந்த நீரால், கழுவவேண்டும் என்பதை ஏற்கிறேன். ஆனால் மந்தைக்கும் வேட்டைக்கும் வேளாண்மைக்கும் நாய் வைத்திருக்க ஹதீஸில் அனுமதி உண்டு என்பதும் அதே சட்டந்தான். பன்றியும் யானையும் வட்டைக்குள் இறங்கும் இராக்காலத்தில், வாடியில் காவலிருப்பவனின் நாய் இந்த அனுமதிக்கு உள்ளேயே படுத்திருக்கிறது. குர்ஆனின் அல்மாயிதா அத்தியாயம், அல்லாஹ் கற்றுத் தந்ததிலிருந்து நீங்கள் வேட்டைப் பிராணிகளுக்குக் கற்பிக்கிறீர்கள் என்ற கருத்தில் பேசுகிறது. பழக்கப்பட்ட நாய் பிடித்தது ஹலால். பழக்கப்படாதது பிடித்து உயிர் போனது ஹராம். அப்படியாயின் பழக்கப்பட்டது எதுவென்று ஷாபிஈ இமாம்கள் வகுத்தார்கள்: ஏவினால் போகவேண்டும், தடுத்தால் நிற்கவேண்டும், பிடித்ததைத் தின்னாமல் வைத்திருக்கவேண்டும், இவை பலமுறை நிகழ்ந்து இது இதன் வழக்கமாகிவிட்டது என்று விஷயமறிந்தவர் கொள்ளவேண்டும். இந்த வரைவிலக்கணத்தில் எந்தச் சங்கிலியைப் பற்றியும் பேச்சில்லை. மிருகத்தின் செயலே அங்கே பிரமாணம். தன் பசியை அடக்கி, இரையை வாயில் கவ்வியபடி எசமானுக்காகக் காத்திருக்கும் நாயை முள்பட்டியால் எவரும் உண்டாக்கிவிட முடியாது. அந்தத் தூரத்தில், காட்டின் நடுவே, பட்டியை இழுக்க ஆளேது?

மேலும், நஜீஸிலிருந்து தன்னைப் பேணிக்கொள்ள விரும்புகிறவனுக்கே வீட்டுக்கருவிகள் பெருந்துணை. அடித்து வளர்த்த நாய் எசமானைக் கண்டதும் பயத்தாலோ பரபரப்பாலோ காலடியில் புரண்டு சாரத்தை நக்கும். சாக்கில் படுக்கப் பழகிய நாயின் கதை வேறு. ஒரு பழைய உரச்சாக்கை வாடியின் ஓரத்தில் விரித்து, நீளக்கயிற்றின் ஒரு நுனியைக் கையில் வைத்துக்கொண்டு, நாய் தற்செயலாக அதன்மேல் காலை வைத்ததும் நாவால் ஒரு ‘ச்’ ஒலி எழுப்பி, கருவாட்டுத் துண்டொன்றைச் சாக்கின்மேல் எறியவேண்டும். ஊட்டத் தேவையில்லை, தொடத் தேவையில்லை. சில நாளில் நாய் தானாகப் போய்ச் சாக்கிலே படுக்கும். பிறகு சாக்கை எங்கே விரித்தாலும் அதுவே அதன் இடம். தொழுகைக்கு எழும்பும் மனிதனுடைய உடுப்பும் சுத்தமாக இருக்கும். கயிறு உலர்ந்தும் கை உலர்ந்தும் இருந்தால் அதைப் பிடிப்பதாலும் தோஷமில்லை என்பது ஷாபிஈ சட்டமே.

வெளிநாட்டுக் கருவியே விஞ்ஞானமானது என்போருக்கும் ஒரு வார்த்தை. முள்பட்டியும் பலவந்தமும் நாய்ப் பயிற்சியில் பெருவழக்கானதற்கு, ஜெர்மன் போலீஸ் அதிகாரி கொன்றாட் மோஸ்ட் 1910 இல் வெளியிட்ட நூலும் அதைத் தொடர்ந்த இராணுவப் பயிற்சிகளும் பெரிதும் காரணம். அதன் பிறகு விஞ்ஞானம் நின்றுவிடவில்லை. அமெரிக்க உளவியலறிஞர் ஸ்கின்னர், 1951 இல் எழுதிய கட்டுரையில், விலங்குக்குக் கற்பிக்கச் சிறுவர் விளையாடும் ‘கிளிக்’ என்னும் தகரப் பொம்மையும் சிறிதளவு தீனியுமே போதுமென்று விளக்கினார். முன்சொன்ன நாவொலியும் அந்தத் தகரவொலியும் ஒரே வேலையைத்தான் செய்கின்றன. நாய் கழுத்துப்பட்டியை எதிர்த்து இழுக்கும்போது அதன் கண்ணுக்குள் அழுத்தம் உயர்வதை வைத்தியர்கள் அளந்து காட்டியிருக்கின்றனர். மார்பைச் சுற்றிக் கட்டும் வாரில் அவ்வாறு உயரவில்லை. மின்னதிர்ச்சி தரும் கழுத்துப்பட்டியை வேல்ஸ் நாடு 2010 இலேயே தடைசெய்தது. அதற்கெல்லாம் முன்னர், கிறிஸ்துவுக்கு முந்திய நாலாம் நூற்றாண்டில், கிரேக்கப் படைத்தலைவரான ஸெனபன், பலவந்தத்தால் குதிரை செய்வதை அது விளங்காமலே செய்கிறதென்றும், கோபத்தோடு குதிரையை அணுகலாகாதென்றும் தம் நூலில் எழுதிவைத்தார். போரிலே அதே குதிரையின் முதுகில் தம் உயிரை ஒப்படைத்தவர் அவர்.

அடி உதவுவதுபோல் அண்ணன் தம்பி உதவமாட்டார் என்ற பழமொழியைக் கடைசி ஆயுதமாக எடுப்பவர்கள், ஆடுற மாட்டை ஆடிக் கறக்கவேண்டும், பாடுற மாட்டைப் பாடிக் கறக்கவேண்டும் என்று அதே ஜனங்கள் சொன்னதை மறந்துவிடுகிறார்கள். இரண்டில் எது மாட்டைக் கண்டு சொன்னது என்பதைப் பால் கறப்பவரிடமே கேட்கலாம். இம்முறைக்கு நாள் பிடிக்கும் என்ற குறையும் எனக்கு வலுவாகத் தோன்றவில்லை. அடித்துப் பழக்கிய மாடு ஆள் மாறினால் மறுபடி முரண்டும். கம்பு இல்லாத கையைக் கண்டால் நுகத்துக்கு வராது. ஒவ்வொரு நாளும் மீண்டும் அடிக்கவேண்டியிருப்பதால், அங்கே பழக்குதல் முடிவதே இல்லை. இப்படிச் செலவாகும் நாட்களை எவரும் கணக்கில் சேர்ப்பதில்லை.

மூக்குக்கயிறே வேண்டாம் என்று நான் வாதிப்பதாக எவரும் கொள்ளலாகாது. முழுவளர்ச்சி எய்திய கடா, கொம்பு சிலுப்பும் காலத்தில், ஜன நடமாட்டமுள்ள தெருவழியே போகவேண்டுமானால், தலைக்கயிறு மட்டும் போதாமற் போகலாம். மனித உயிரின் காவலுக்காக மூக்கைக் குத்துவது அங்கே நியாயமே. ஆனால் குத்துவதற்கு முன்னரே தலைக்கயிற்றில் நடக்க அது கற்றிருக்கவேண்டும். குத்திய புண் முற்றாக ஆறும்வரை மூக்கிலே கை வைக்கலாகாது. ஆறிய பின்னும் இரண்டு கயிறும் சேர்ந்தே இருக்கவேண்டும். தலைக்கயிற்றை நான்கு விரல் குறுக்கியும் மூக்குக்கயிற்றை அவ்வளவு நீட்டியும் ஒரே கைப்பிடியில் முடிந்தால், இழுப்பு முதலில் எலும்பின் மேலுள்ள மெத்தென்ற வளையத்தில் விழும். அதைக் கடா மதியாதபோதே மூக்கு இழுப்பை உணரும். இதற்கு வேண்டியது இன்னும் ஒரு பாகம் பாவுநூற் கயிறும், அதை முடிந்து காட்டக்கூடிய ஒரு முதியவருமே. அப்படிப்பட்ட முதியவர்கள் சம்மாந்துறையிலும் நிந்தவூரிலும் இன்றும் இருக்கிறார்கள்.